முதுகு காட்டி அடித்த மணி

மணியக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. மல்யுத்தக் கம்பெனியில் மணியடிக்கப் போன பிறகு அந்தப் பெயரைக் கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டது. பகலில் அவளும் நானும் ஒரே சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறோம், பக்கத்துப் பக்கத்து மேசை. ஓட்டல் விரிப்புகளும் மருத்துவமனைப் போர்வைகளும் மலைமலையாக வந்து விழும். ஆவியில் முகம் வெந்துகொண்டிருந்தாலும் அக்காவுக்கு வாய் ஓயாது. கடை முதலாளியைக் கிண்டல் செய்வாள், என் சமையலைக் கிண்டல் செய்வாள், ஆள் கிடைக்காவிட்டால் தன் முழங்கால் வலியையே கிண்டல் செய்வாள். அப்படிப்பட்டவள் அந்த வாரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. போதாக்குறைக்கு ஒரு தலையணை உறையைத் தீய்த்துவிட்டாள். அவள் கையில் துணி தீய்ந்து நான் பார்த்ததே இல்லை.

என்னவென்று பிடுங்கி எடுத்த பிறகுதான் சொன்னாள். எல்லாம் தம்பியைப் பற்றிய கவலை. அவன் அந்தக் கம்பெனியில் பெரிய ஆள், ரிங்கில் அவனுக்குச் சூறாவளி என்று பெயர். கம்பெனி சில வருடங்களாக மூடிக் கிடந்தது. சூறாவளி ஒரு பள்ளிக்கூட வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது திரும்பத் திறக்கிறார்கள், விடுமுறை நாள் மதியம் முதல் ஆட்டம். அவன் தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்தோ எப்போதோ கெட்டுப்போயிருந்தது. ஸ்டியரிங் பிடித்திருக்கும்போதே இடது கை மரத்துவிடுமாம். இனி ஒருமுறை ஏடாகூடமாக விழுந்தால் கை காலே விளங்காமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது தெரிந்தது அக்காவுக்கு மட்டும்தான்.

“அவன் பொண்டாட்டிக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சா விடுவாளா? அதனாலதான் அவகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டான்.”

மல்யுத்தம் என்றால் நிஜச் சண்டை என்று நம்பும் ஆள் நான் இல்லை. யார் ஜெயிப்பது, யார் எப்படி விழுவது என்று முன்கூட்டியே பேசிவைத்துப் பழகிக்கொள்வார்கள், அதனால்தான் ஆளுக்கு எலும்பு மிஞ்சுகிறது. கழுத்து விஷயம் தெரிந்த ஒருவனோடு பழகிவைத்த ஆட்டமாக இருந்தால் அக்காவும் எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஆனால் கம்பெனி முதலாளிக்குப் புதிதாக ஒரு மூளை முளைத்திருந்தது. பழைய மாதிரியே ஆடினால் கூட்டம் வராது என்று ஒரு புது விதி கண்டுபிடித்திருந்தார்.

ஆறு பேர், பக்கத்துக்கு மூன்று. நடுவில் திடீர் திடீரென்று மணி அடிக்கும். அந்த நொடியில் யார் யாரைப் பிடித்திருக்கிறானோ, அந்த இரண்டு பேரும் அப்போதிலிருந்து கூட்டாளிகள். அடித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே பிடியை விட்டுவிட்டு, சேர்ந்து மற்றவர்கள்மேல் பாய வேண்டும். விடாதவன் வெளியே. கடைசியில் மிஞ்சும் ஜோடிக்கு வெற்றி. யாருக்கு யார் எதிரி என்பது மணியைப் பொறுத்தது என்பதால் முன்கூட்டிப் பழக வழியே இல்லை. மணியடிப்பவள் வேண்டியவனுக்குச் சாதகமாக அடித்துவிட்டாள் என்று பேச்சு வரக்கூடாதே, அதற்கும் முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். அக்கா ரிங்குக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து உட்கார வேண்டும்.

தம்பி விழுவதைப் பார்ப்பது ஒரு கொடுமை, பார்க்காமல் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமை. போகாதே என்று கெஞ்சியும் பார்த்தாளாம். ஒரே ஒரு தடவை, என் மகன் ஒரு தடவையாவது என்னை ரிங்கில் பார்க்கட்டும் என்றானாம். அதற்குமேல் அவளால் என்ன சொல்ல முடியும்?

எனக்கு ஓசி டிக்கெட் கொடுத்தாள். முன்வரிசை, அவளுக்கு நேர் எதிரே. கொஞ்சம் தள்ளித் தம்பி மனைவி மகனை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்த்தேன். மண்டபம் நிறைந்து, நிற்கவும் இடமில்லை. ஆட்டம் தொடங்கியது. அக்கா ரிங் பக்கம் திரும்பவே இல்லை, எங்கள் முகங்களையே வெறித்துக்கொண்டிருந்தாள். பீப்பாய் என்று ஒருவன், பேருக்கு ஏற்ற உடம்பு, சூறாவளியை இடுப்போடு பிடித்துத் தூக்கினான். மணி அடித்தது. பீப்பாய் அவனைப் பத்திரமாக இறக்கிவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் அவனைத் தலைக்குமேல் கொண்டுபோனான். மறுபடியும் மணி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரையாவது தூக்கினால் கூட்டத்தின் கண்ணெல்லாம் மேலே போகும் இல்லையா, அக்கா அதைப் பார்த்துத்தான் அடிக்கிறாள். தூக்கப்படுவது தம்பியா வேறு யாராவதா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால் ஒன்றைக்கூட விடவில்லை. கண்கள் ஏறினால் மணி, ஏறினால் மணி. ஒருத்தனும் ஒருத்தனையும் முழுசாகத் தூக்கிப் போட முடியவில்லை. இரண்டு பேர் விதி மறந்து பிடியை விடாமல் வெளியே போனார்கள். முதலாளி ஓரத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கோ அதுதான் வேடிக்கையாகிவிட்டது. யாராவது குனிந்தாலே ‘மணி, மணி’ என்று கத்தினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கெட்டிக்காரி, தம்பியை இருந்த இடத்திலிருந்தே காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன்.

சூறாவளிக்கும் அது புரிந்திருக்க வேண்டும். பயம் விட்டுப்போய், ஆள் பழையபடி ஆகிவிட்டான். மகன் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் யாரும் எதிர்பார்க்காததைச் செய்தான். அதற்குள் மறுபடி எதிரியாகியிருந்த பீப்பாயின் தொடைக்கடியில் கையைக் கொடுத்து அந்த மலையையே தோள்மேல் ஏற்றினான். மண்டபமே அண்ணாந்து பார்த்தது, நானும்தான்.

அக்கா மணியை அடித்தாள்.

பிடியை விட்டாக வேண்டும். தோளில் அத்தனை கனத்தோடு எப்படி விடுவான்? மெதுவாக இறக்கப் பார்த்தான். பாதியில் இடது கை சட்டென்று தொய்ந்தது. இருவரும் சரிந்தார்கள், பீப்பாய் அவன் கழுத்தின்மேல் விழுந்தான். பலகை அதிர்ந்த சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இதுவும் ஆட்டத்தில் ஒரு வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். எதிரே அத்தனை பேர் சந்தோஷமாகக் கைதட்டுவதைப் பார்த்து, அன்று முதல் தடவையாக அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் திரும்பினாள்.

மருத்துவமனையில் சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து சொன்னார், விரல்கள் அசைகின்றன, காலும் அசைகிறது, நடந்துவிடுவான். ரிங்கை மட்டும் மறந்துவிட வேண்டும். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே சூறாவளி எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான், கால் வழுக்கிவிட்டதாம். முதலாளி அதைக் கேட்டு நிம்மதியாகக் கிளம்பினார். போகிற போக்கில், மணி விளையாட்டு ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அடுத்த ஆட்டத்துக்கும் வந்துவிடு என்று அக்காவிடம் சொன்னார். அந்த ஆளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அக்காதான் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

தம்பி மனைவி வெளியே வந்து அக்காவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். தூங்கிப்போன மகன் தோளில் கிடந்தான். கழுத்துக் கோளாறு பழசு என்று டாக்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அக்காவால் தாங்க முடியவில்லை. “அவன் கால் வழுக்கல. அவன் தூக்கினது தெரியாம நான்தான் மணி அடிச்சேன். என்னாலதான் விழுந்தான்” என்றாள்.

“பாத்துக்கிட்டுத்தானே அண்ணி இருந்தேன். எதுக்கு அப்படி அடிச்சு அடிச்சு நிறுத்துனீங்கன்னு இப்பதான் புரியுது.” குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “அவர் கழுத்து அப்படி இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

தெரியும் என்று அக்கா தலையாட்டினாள்.

தம்பி மனைவி மகனின் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை.

“அத்தனை தடவை மணி அடிச்சீங்களே அண்ணி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”