மழையிலும் காயும் கிளிப்பச்சை

போன வருடம் மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, பெங்களூரு ஈஜிபுராவில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நடந்தது இது.

எங்கள் வீடு மொட்டை மாடியில், ஷீட் போட்ட ஒற்றை அறை. நானும் வீட்டுக்காரரும் மட்டும். அவர் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. கை நன்றாக இருக்கிறது. வாயும் நன்றாக இருக்கிறது.

நான் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். உள்ளே போகும்போதே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். பகலில் எங்கள் கட்டிடத்திலும் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அவருக்கு ஏதாவது ஆனால் எனக்கு எப்படித் தெரியும்?

வழியை அவரே கண்டுபிடித்தார். அவர் அப்பா தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அடியில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்குமாம். அந்த யோசனைதான். மாடியில் ஒரு கம்பி நட்டோம். உச்சியில் சின்னக் கப்பி. கயிற்றின் ஒரு முனை கட்டில் காலில். மறுமுனையில் அவருடைய பழைய சேஃப்டி ஜாக்கெட். சைட்டில் சட்டைக்கு மேல் போடுவார்களே, கண் கூசும் கிளிப்பச்சையில், அதுதான். எங்கள் ஆபீஸ் பேன்ட்ரி ஜன்னலிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். மேலே இருந்தால் நன்றாக இருக்கிறார். முடிச்சை அவிழ்த்துவிட்டால் கீழே விழுந்துவிடும்.

ஒரே ஒரு தடவை விழுந்தது. ஓடினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தார். கயிறு மட்டும் கைக்கு எட்டியிருக்கிறது.

"கப்பிக்கு எண்ணெய் போடணும். கிறீச்சுன்னு கத்துது" என்றார்.

அதே மாடியில் இன்னொரு மூலையில் ஒரு கம்பம் உண்டு. அதில் மஞ்சள் சிவப்புக் கன்னடக் கொடி பறக்கும். கீழ் வீட்டு ஆட்டோக்காரருடையது. எங்களோடு அவர் அதிகம் பேச மாட்டார். பேசினாலும் கன்னடத்தில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. தமிழ்க்காரர்களைப் பிடிக்காது போல என்று நாங்களும் ஒதுங்கியே இருந்தோம்.

எங்கள் தெருவில் கொடி இல்லாத மாடி குறைவு. காவி, பச்சை, நீலம், மாதா கோயில் கொடி, கட்சிக் கொடி. ஒருவர் கம்பத்தை உயர்த்தினால் எதிர்வீட்டுக்காரர் அதைவிட உயர்த்துவார். அப்படி உயர்த்திய ஒன்று காற்றில் சாய்ந்து கரண்ட் கம்பியில் விழுந்தது. தெருவே இருட்டானது. வேண்டுமென்றே சாய்த்துவிட்டார்கள் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்தது. நீங்களே கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருச் சங்கத் தலைவி வீட்டு கார் ஷெட்டில் கூட்டம். அவர் ரிட்டயர் ஆன டீச்சர். தமிழ்க்காரர்தான். கறாரானவர்.

"என் வீடு, என் கம்பம். யாரு கேக்கறது?" என்றார் ஒருவர்.

"வீடு உன்னுது. காத்து தெருவுது. கொடி ஆடறது காத்துலதானே?" என்றார் இன்னொருவர்.

கன்னடக்காரப் பெரியவர் ஒருவர் கையை நீட்டினார். "எல்லாரும் கொடி கொடிங்கறீங்க. ஏனு கொடபேக்கு? என்ன குடுக்கணும், சொல்லுங்க, குடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்." கன்னடத்தில் கொடி என்றால் கொடுங்கள் என்று அர்த்தம். சண்டை போட்டவர்களும் சிரித்துவிட்டார்கள்.

அப்போது யாரோ என் பக்கம் திரும்பினார்கள். "அதெல்லாம் இருக்கட்டும். இவங்க மாடில கிளிப்பச்சைல ஒண்ணு பறக்குதே, அது எந்தக் கட்சி?"

எல்லோருக்கும் அந்தச் சந்தேகம் ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. புதுக் கட்சியா என்றார் ஒருவர். விவசாயிகள் சங்கம் என்றார் ஒருவர். ஏதோ கிரிக்கெட் டீம் என்று ஒரு பெண் அடித்துச் சொன்னாள்.

நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை.

"அது கொடி இல்லீங்க. எங்க வீட்டுக்காரரு."

கொல்லென்று சிரித்தார்கள். பிறகு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

ஜன்னலில் தொங்கவிடக் கூடாதா என்று கேட்டார்கள். எங்கள் ஜன்னல் ஆபீஸ் இருக்கும் பக்கம் இல்லை என்றேன். கம்பியில் ஏறி இறங்குவதால் அது கொடிதான் என்றார் ஒருவர். சின்னம் இல்லாதது எப்படிக் கொடியாகும் என்றார் மற்றொருவர். எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது. எதை வைத்து ஒரு துணி கொடியாகிறது?

டீச்சர் கடைசியில் சொன்னார். "எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு. ஆனா இன்னிக்கு உன்னுதை விட்டா, நாளைக்கு எல்லாரும் ஒரு காரணம் சொல்வாங்க. மறுபடியும் அடிதடி. மாடில எந்தக் கம்பத்துலயும் ஒண்ணும் பறக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே ரூல்."

அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. வேலையை விட வேண்டியதுதான் என்று மட்டும் தெரிந்தது. வீட்டுக்காரரைத் தனியாக விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாமல் நாள் முழுக்கத் தரை துடைக்க என்னால் முடியாது.

சாயங்காலம் தெரு முழுக்கக் கொடிகள் இறங்கின. நானும் ஜாக்கெட்டை இறக்கினேன். அந்தப் பக்க மூலையில் ஆட்டோக்காரர் தன் கொடியை அவிழ்த்தார். மற்றவர்கள் மாதிரி சுருட்டவில்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, கண்ணாடிக் கட்டிடத்தைக் கை காட்டினார்.

"யாவ கிட்டகி?"

எந்த ஜன்னல் என்று கேட்கிறார். காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். எதற்குக் கேட்டார் என்று புரியவில்லை.

மறுநாள் நேரில் போய் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு உடனே திரும்புவதாகத்தான் திட்டம். ஆபீசுக்குள் போனதும் பழக்க தோஷம், கால் தானாகப் பேன்ட்ரிக்குப் போனது. ஜன்னலில் பார்த்தேன்.

கிளிப்பச்சை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கம்பியில் இல்லை. கொஞ்சம் தாழ்வாக, என் புடவைக்கும் அவர் லுங்கிக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மறைந்தது. கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டேன். உடனே வெளியே வந்தது. மறுபடி மறைந்தது. மறுபடி வந்தது. மனுஷன் விளையாடுகிறார்.

சூப்பர்வைசரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ஆட்டோக்காரர் மாடியில்தான் இருந்தார். காலையில் நான் கிளம்பிய கையோடு, தொட்டிக்குப் பக்கத்திலிருந்து தன் கம்பம் வரைக்கும் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் கப்பி மாட்டியிருந்தார். கட்டிலில் இருந்து இழுத்தால் துணி நகர்ந்து தொட்டிக்குப் பின்னால் போய்விடும்.

அந்த நேரம் டீச்சரும் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இது என்ன?"

"துணி மேடம். காயுது" என்றார் ஆட்டோக்காரர். நல்ல தமிழில். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"எப்ப காயும்?"

"இந்த ஊரு குளிரு மேடம். லேசுல காயாது."

டீச்சர் கயிற்றைப் பார்த்தார். அது போகிற வழியே பார்த்து, கதவுக்கு உள்ளே கட்டிலில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் படுத்தபடியே கும்பிட்டார்.

"ரூல்ல துணி காயப் போடறதைப் பத்தி நான் ஒண்ணும் எழுதலை" என்று சொல்லிவிட்டு டீச்சர் இறங்கிப் போனார்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமாண்ணா?" என்று கேட்டேன்.

"இதே தெருல பொறந்தவன் அக்கா. தெரியாம இருக்குமா? நீங்க யாரும் கேக்கலை." கயிற்றை ஒரு தட்டுத் தட்டினார். "உங்க பாஷைல இதுக்கும் கொடின்னுதானே பேரு?"

ஆமாம். துணி காயப் போடும் கயிறும் கொடிதான். பிறந்ததிலிருந்து சொல்கிற வார்த்தை. கூட்டத்தில் அத்தனை தமிழர்கள் இருந்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அப்ப உங்களுதையும் இதுலயே போடுங்கண்ணா. பக்கத்துல எடம் இருக்கே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "என்னுது காயப் போடற துணி இல்ல அக்கா. அது கொடி. பறந்தா மேல பறக்கணும். இல்லேன்னா பெட்டில இருக்கட்டும். நீங்க பேஜார் ஆவாதீங்க."

பிறகு மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடும்போதும் எங்கள் ஜாக்கெட் மட்டும் மாடியில் காய்ந்துகொண்டிருக்கும். தெருவில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இப்போதும் தினமும் பேன்ட்ரி ஜன்னலில் முதலில் கிளிப்பச்சையைத்தான் தேடுவேன். அப்புறம் அதைத் தாங்கி நிற்கும் ஆட்டோக்காரருடைய கம்பத்தைப் பார்ப்பேன். அதன் உச்சியில் ஒன்றும் பறக்கவில்லை, ஆனாலும் அதற்கு மனதுக்குள் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் மாப்பைக் கையில் எடுக்கிறேன்.