புளி போட்டு விளக்கிய வெண்கலம்

எழுபதுகளின் கடைசியில் ஜெர்மனியின் ஹனோவரில் ஒரு கிழவரின் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தோம். வாடகைக்குப் பதிலாக நான் அவருடைய வீட்டைக் கூட்டித் துடைத்தேன். மனைவிக்கு அது முதல் குளிர்காலம். வயிற்றில் பிள்ளை. எங்களைப் போன்றவர்களுக்கு அறை கிடைப்பது எவ்வளவு பாடு என்று அலைந்து கண்டவன் நான். அந்த அறையை விட்டால் எங்களுக்குப் போக்கிடமில்லை.

மேல்மாடிக் கண்ணாடி அலுமாரியில் கிழவர் சிறு வெண்கலப் பலகைகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. சில நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் வார்த்தவை. கிரேக்கரின் பழங்கதை உருவங்கள் அவற்றில் புடைத்து நிற்கும். அவருக்குப் பிடித்த பலகையில், ஹெர்குலிஸ் என்ற பலசாலி ஒரு மல்லனைத் தூக்கி நெரிக்கிறான். கால் மண்ணில் படும் வரைதான் மல்லனுக்குப் பலமாம். கிழவர் தன் காலைத் தூக்கிக் காட்டி விளங்கப்படுத்தினார். தூரிகையால் தூசி மட்டும் தட்டு, தண்ணீர் காட்டாதே, அந்தக் கறுப்புத்தான் அதன் வயது என்றார்.

மனைவி மேலே போவதில்லை. கிழவர் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பதிலாக அவள் போனாள். சிரித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"பொம்பிளை இல்லாத வீடெண்டு தெரியுது. அந்தப் பீமன் களிம்பு பிடிச்சுக் கரிச்சட்டி மாதிரிக் கிடந்தவர். புளி போட்டு விளக்கி வச்சிருக்கிறன்."

"எல்லாத்தையுமோ?"

"ஒண்டைத்தான். மிச்சத்துக்குப் புளி காணாது."

ஊரிலிருந்து பெட்டிக்குள் பொத்திக் கொண்டுவந்த புளி அது.

இடுப்பைப் பிடித்தபடி ஏறினேன். பலகை புதுக் குத்துவிளக்குப் போல மினுங்கியது. தேயிலைச் சாயத்தில் ஊற வைத்தேன். நிறம் மாறவில்லை. மெழுகுதிரிப் புகையில் பிடித்தேன். கறுத்தது, ஆனால் விரல் பட்டதும் கறுப்பு கையோடு வந்துவிட்டது. திரும்பத் திரும்பப் பிடித்தேன். கடைசியில் அதைக் கழுவி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் கிழவர் கோட்டுக்கூடக் கழற்றாமல் அலுமாரி முன் நின்றார். யார் செய்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனில் சொல் தேடினேன். அவர் வந்த சத்தம் கேட்டு மனைவி மேலே வந்தாள். தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள். பலகையைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள். தேய்ப்பது போல் கையை ஆட்டினாள். கிழவர் அவளுடைய வயிற்றைப் பார்த்தார்.

"டாங்க" என்றார்.

நன்றி. அவளுக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல் அது. முகம் மலர இறங்கிப் போனாள். அவள் போன பிறகு, மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். நான் வயிற்றைத் தொட்டுப் பிள்ளை என்றேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னவாம்?" என்றாள், நான் கீழே வந்ததும்.

"நிலத்துக்குக் கீழை ஈரமாம், பிள்ளைக்குக் கூடாதாம். வேறை இடம் பார்க்கட்டாம்."

"நல்ல மனுசன்."

தட்டிய கதவுகள் எல்லாம் அவள் வயிற்றைக் கண்டதும் மூடின. மாதக் கடைசியில், ஹம் நகரில் தெரிந்த ஓர் அண்ணையின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சில நாள் படுக்கலாம் என்ற பேச்சை மட்டும் நம்பி ரயில் ஏறினோம். பெட்டியை மேலே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் யன்னலைப் பார்த்தபடி கவலையோடு கேட்டாள்:

"மிச்சப் பலகையளுக்கு இனி ஆர் புளி போடுறது?"