பெரியம்மாவின் பிடி

என் பெரியம்மா ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறார். அறுபதை நெருங்கும் வயதில் அவர் நடனம் கற்கப் போனார் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஏன் போனார் என்று தெரிந்தால் சிரிக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கமும் பேச்சும் போயின. தினமும் வேலை முடிந்து வந்ததும் பெரியம்மா அவருடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிவரை நடத்துவார். அந்த நடையில்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். பெரியப்பா அதிகம் சாய்ந்தால் களைப்பு. விறைத்து நின்றால் கோபம். தோளால் லேசாக இடித்தால் கிண்டல்.

"உங்க பெரியப்பா இன்னிக்கு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தாரு" என்பார் பெரியம்மா.

பெரியப்பா இறந்த பிறகு அந்தச் சாயங்கால நேரத்தைப் பெரியம்மாவால் வீட்டில் கழிக்க முடியவில்லை. சலவைக்கூடத்துக்கு எதிர்மாடியில் ஸ்விங் நடன வகுப்பு நடந்தது. டிரம்பெட்டும் டிரம்ஸும் துள்ளும் அந்தக் காலத்து இசைக்கு ஜோடி ஜோடியாக ஆடுவது. பள்ளி முடித்துச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அக்கா, ஊரு என்ன பேசும்?" என்றாள் அம்மா.

"பேசட்டும். அந்த ஊரு சாயங்காலம் வந்து என்கூட உட்காருமா?"

கால் சீக்கிரமே வந்துவிட்டது. கைதான் வரவில்லை. இந்த ஆட்டத்தில் ஜோடிகள் விரல்களைக் கொக்கிபோல் கோத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பின்வாங்கி, மறுபடி நெருங்க வேண்டும். எதிரில் இருப்பவர் பின்வாங்கியதுமே பெரியம்மா பாய்ந்து அக்குளில் கை கொடுத்துவிடுவார். அவருக்கு வாய்த்த ஜோடியோ ஆறடி லாரி டிரைவர்.

"அக்கா, நான் விழமாட்டேன்க்கா! லாரியே என்னை நம்பித்தான் ஓடுது."

"தெரியும்ப்பா. கை கேக்க மாட்டேங்குது."

"கையா இது? உடும்புப் பிடி!"

அன்றிலிருந்து அவர் உடும்பக்கா ஆனார். பெரியம்மாவும் சேர்ந்து சிரித்தார். வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

"பிடியை விடுங்கன்னு டீச்சர் சொல்றது சரிதான். அதையும் விட்டுட்டா, அவருன்னு என்கிட்ட மிச்சம் என்னடி இருக்கு?"

"கஷ்டமா இருந்தா நின்னுக்கலாம் பெரியம்மா."

"நின்னுட்டு? அந்த நேரத்துக்கு எங்க போறது?"

அடுத்த வகுப்புக்கும் போனோம்.

ஒரு மழை நாளில் வகுப்பில் கூட்டமே இல்லை. பாட்டு தொடங்கியது. டிரைவர் பின்வாங்கினார். பெரியம்மாவின் கை பாயவில்லை, விரல்நுனியிலேயே நின்றது. சுழன்றார், திரும்பினார், சின்னப் பெண்ணைப்போல் வாய்விட்டுச் சிரித்தார். பாட்டு முடிந்ததும் டீச்சர் கைதட்டினார்.

"உடும்பக்கா விட்டுட்டாங்கடோய்!" என்று கூவினார் டிரைவர்.

பெரியம்மா தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்டார்.

"கொஞ்சம் என்மேல சாயுடி."

"எதுக்கு பெரியம்மா?"

"சாயேன்."

சாய்ந்தேன். அக்குளில் கை கொடுத்தார். "இன்னும்" என்றார். உடம்பு முழுவதையும் அவர்மேல் விட்டேன். யாரோ ஏதோ சொல்லப்போவதுபோல் கண்ணை மூடிக் காத்திருந்தார். மேலே அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

"இல்லடி" என்றார் கடைசியில். "நீ ரொம்ப லேசு."

ஆனாலும் கையை எடுக்கவில்லை. என்னைத் தாங்கியபடியே ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப்போனார்.