நூலக வாசலில் உதறிய மடி

போடியில் எங்கள் ஓட்டு வீட்டுக்கும் வீட்டு வரியோடு நூலக வரி சேர்த்துத்தான் வாங்கினார்கள். அந்த வரியில் நடந்த கிளை நூலகம், ஏலக்காய் மண்டி முதலாளி ஒருவரின் கட்டடத்தில் முன்னறையாக இருந்தது. அதற்கு அரசாங்கம் அவருக்கு வாடகை கொடுத்தது. எழுபதுகளின் கடைசியில் அதே மண்டிக்குக் காய் தரம் பிரிக்கப் போனேன். எட்டாவதோடு என் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். வேலை நூலக அறையில்தான் என்றதும் தலைகால் புரியவில்லை.

உள்ளே போனால் மூட்டைகள். புத்தக அலமாரிகளைச் சுவரோரம் தள்ளிப் பூட்டிவிட்டு, நடுவில் காய் பிரிக்கும் பெண்களை உட்கார வைத்திருந்தார் முதலாளி. நூலகர் அவருக்கு ஒன்றுவிட்ட மைத்துனர். காலையில் நூலகப் பலகையை மாட்டிவிட்டு மலைத் தோட்டத்துக்கு ஏறிவிடுவார்.

ஒருநாள் அலமாரிக் கண்ணாடிக்குள் தெரிந்த ஒரு புத்தகத்தை முதலாளியிடம் கேட்டேன்.

"காய் பெறக்குற கழுதைக்குப் பொஸ்தகம் எதுக்கு? சோலியப் பாரு" என்றார், அத்தனை பெண்களுக்கு முன்னால்.

காயை ஒளித்துக்கொண்டு போகவில்லை என்று காட்ட, தினமும் சாயங்காலம் வாசலில் நின்று மடியை அவிழ்த்து உதறிவிட்டுத்தான் நாங்கள் வெளியே வர வேண்டும். அன்றைக்கு உதறும்போது, இந்த ஆளை ஒருநாள் தலைகுனிய வைப்பேன் என்று கறுவிக்கொண்டேன்.

நூலகத் துறை மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. மூட்டைகளெல்லாம் அவசரமாகப் பின்கட்டுக்குப் போயின. எங்களைத் தலைசீவி வரச் சொல்லி, பெஞ்சில் உட்கார வைத்து, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார் முதலாளி.

"வாயத் தெறக்காம பொஸ்தகத்தையே பாத்துக்கிட்டு இருக்கணும், ஆத்தா" என்றார். அன்றைக்கு மட்டும் ஆத்தா! எனக்குக் கிடைத்தது கோழி வளர்ப்பு. அதையும் விடாமல் படித்தேன்.

அதிகாரிக்குப் பரம திருப்தி. "இத்தன பொம்பளைங்க படிக்க வர்றாங்களா! வாடகையக் கூட்டித் தரச் சொல்லி எழுதுறேன்" என்றார். முதலாளி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, எங்களைப் போகச் சொன்னார்.

முதலில் எழுந்தவள் எங்களில் மூத்த அக்கா. புத்தகத்தை வைத்துவிட்டு வாசலுக்குப் போனவள், பழக்க தோஷத்தில் மடியை அவிழ்த்து உதறினாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் உதறினாள். அதற்கடுத்தவளும்.

"என்னம்மா இது?" என்று என்னிடம் கேட்டார் அதிகாரி.

முதலாளி என்னைப் பார்த்து முறைத்தார். நான் அவசரப்படவில்லை.

"காய் எதுவும் எடுத்துட்டுப் போகலன்னு காட்டுறோம் சார். தெனமும் இங்கதான காய் பிரிக்கிறோம். மூடையெல்லாம் பின்கட்டுல இருக்கு. வாங்க, காட்டுறேன்."

நானே முன்னால் நடந்தேன். முதலாளியின் முகம் செத்துப்போனது. அந்த முகத்தை இன்று நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

வாடகை நின்றது. நூலகம் வேறு தெருவுக்குப் போனது. என் வேலையும் போனது. வேறெந்த மண்டியிலும் சேர்க்காததால் குரங்கணி மலைப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கப் போனேன். லீவு நாளில் கீழே இறங்கி வந்து நூலகத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

சில வருஷம் கழித்து அந்த முதலாளியே அங்கே வந்தார். வியாபாரம் நொடித்துப்போய், மகன்கள் வீட்டில் பேப்பரை நிறுத்திவிட்டார்களாம். நூலகத்துக்கு வரும் ஒரே பேப்பர் என் கையில் இருந்தது. எதிரே உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தார்.

"முடிச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

கடைசிப் பக்கத்தை அப்போதுதான் முடித்திருந்தேன். "இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.