நாய்க்குட்டி நக்கிய புண்

ஆஸ்பத்திரி நடையில் கிடந்த வாங்கில், மடியில் ஒரு மீன் பெட்டியுடன் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே எங்கள் நாய்க்குட்டியின் தலை இருந்தது. கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும் என்று மிருக வைத்தியர் அதைப் பொதி செய்து தந்திருந்தார்.

பக்கத்திலிருந்த பெண் பெட்டியைப் பார்த்தார். "என்ன மீன் அண்ணை?"

"பாரை" என்றேன். எனக்கு ஆட்களோடு பேசக் கூச்சம். பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தோட்டவெளியில் மிளகாயும் கத்தரியும் வைத்திருக்கிறேன். விசர்நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டு, இனி என்ன ஆகுமோ என்று காத்திருக்கும் ஒருவருக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அது போர்நிறுத்தக் காலம். வெளிநாட்டவர்கள் பாலம் தாண்டி எங்கள் தீவுக்குள் வரத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் தேவாலயப் பங்குச் சுவாமி பேருந்தில் சந்தித்த இரண்டு இளைஞர்களைத் தோட்டத்துக்கு அழைத்துவந்தார். இருவரும் நண்பர்கள். முதுகில் ஆளுயர மூட்டைகள். ஊர் ஊராகப் போய்த் தோட்டங்களில் தங்கி வேலை பழகுகிறார்களாம். ஒருவன் யோனாஸ், மற்றவன் பீற்றர். நாடு ஒல்லாந்து. எங்கள் தீவின் பழைய கோட்டை ஒருகாலத்தில் ஒல்லாந்தர் கையில் இருந்தது.

"கோட்டையைத் திருப்பிக் கேக்க வந்தவையோ?" என்றாள் என் மனைவி ரீற்றா. சுவாமி சிரித்தபடி அதை அவர்களுக்கு மொழிபெயர்த்தார். அவர்களும் சிரித்தார்கள்.

தோட்டக் கொட்டிலில் நான்கு நாட்கள் தங்கினார்கள். கிணற்றில் அள்ளிச் செடிகளுக்கு ஊற்றினார்கள். யோனாசின் குதிகாலில் சப்பாத்து வெட்டிய கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. கடைசி நாள் மாலை அவன் காலை நீட்டி இருந்தபோது, எங்களிடம் வந்து சேர்ந்திருந்த நாய்க்குட்டி அந்தப் புண்ணை நக்கியது. அவன் காலை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். பாஷை விளங்காவிட்டாலும் கேள்வி விளங்கியது.

நாய் நக்கினால் புண் ஆறும் என்பது எங்கள் பக்க நம்பிக்கை. "ஓம், ஓம், நல்லது" என்றேன். அதோடு நிற்காமல் குட்டியைத் தூக்கி அவன் காலடியில் விட்டேன். அவன் "ஓம், ஓம்" என்று என்னைப் போலவே சொல்லிச் சிரித்தான். காலை மறுபடி நீட்டினான்.

மறுநாள் போய்விட்டார்கள்.

நான்கு நாட்களுக்குப் பிறகு குட்டியின் கீழ்த்தாடை தொங்கியது. எச்சில் வடிந்தது. குரைப்பு மாறியது. மீன் முள் சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் விரலை விட்டுத் தேடினேன். பல் கிழித்தது. முள் இருக்கவில்லை. அடுத்த நாள் குட்டி செத்தது.

டொக்டர் என் விரலைத் திருப்பிப் பார்த்தார். "சவர்க்காரம் போட்டுக் கழுவினீங்களோ?"

"தண்ணியில கழுவினனான்."

"ஓடுற தண்ணியில, சவர்க்காரம் போட்டு, பதினஞ்சு நிமிசம் கழுவவேணும் ஐயா. வேற ஆரையும் கடிச்சதோ?"

"இல்லை."

"புண்ணில நக்கினாலும் கடிச்ச மாதிரித்தான்."

யோனாசின் புண்ணைக் குட்டி நக்கியதைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்தார்.

"அவர் இப்ப எங்கை?"

"தெரியாது டொக்டர்."

"முழுப்பேர்?"

"யோனாஸ்."

"அதுக்குப் பிறகு?"

"யோனாஸ் தம்பி எண்டுதான் கூப்பிட்டனாங்கள்."

நோயின் மறைவுக்காலத்தை (கிருமி உடம்பில் ஒளிந்திருக்கும் காலம்) அவர் அன்று விளக்கினார். சிலருக்குக் கிழமைகள், சிலருக்கு மாதங்கள், அரிதாக வருடங்கள். அதற்குள் ஊசி போட்டால் தப்பலாம். நோய் வெளியே தெரிந்துவிட்டால் மருந்து இல்லை.

என் காயத்தைச் சுற்றி எதிர்ப்புமருந்து (கிருமியோடு உடனே சண்டை போடும் ஆயத்த மருந்து) ஏற்றினார்கள். விரலில் அந்த ஊசி இறங்கும் வலியை மறைத்துச் சொல்லமாட்டேன். பிறகு கையில் ஐந்து தடவை தடுப்பூசி. இரண்டு ஊசிகளுக்கு இடையில் விரல் லேசாக விறைத்தாலும் பயம் வரும். உங்களுக்கும் வரும். நாளைத் தவறவிடாமல் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

குட்டிக்கு விசர்தான் என்று கொழும்பிலிருந்து முடிவு வந்தது. சுவாமி ஒல்லாந்துத் தூதரகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, குடும்பப் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் கேட்டார்களாம். எங்களிடம் இரண்டும் இல்லை. பாலத்துச் சோதனைச்சாவடியில் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. சுவாமி வெளியூரில் ஒரு தியானத்துக்குப் போயிருந்ததால் தனியாகப் போனேன்.

எனக்கு அந்த விஷயத்துக்கு உதவக்கூடிய சிங்களச் சொற்கள் இரண்டுதான் தெரியும். 'சுத்தா' (வெள்ளைக்காரன்), 'பல்லா' (நாய்). "சுத்தா, பல்லா" என்றேன். நான் வெள்ளைக்காரனை நாய் என்று திட்டுவதாக நினைத்து இரண்டு சிப்பாய்கள் சிரித்தார்கள். என் கையை நானே கடித்துக் காட்டினேன். அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். விரலில் இருந்த கட்டைப் பார்த்தார்கள். ஒருவன் ஓடிப்போய் வாளியில் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்து என் கையைக் கழுவினான். மற்றவன் ஒரு லொறியை மறித்து என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டான்.

அவர்கள் செய்தது சரியான வைத்தியம். ஆள்தான் பிழை. லொறியில் இருந்து அழுதேன்.

சுவாமி வந்தபின் மறுபடி இருவரும் போனோம். பெயர் எழுதிய அந்தக் கொப்பி மேலிடத்துக்குப் போய்விட்டது, விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். பதில் வரவில்லை. பிறகு சுவாமி வேறு பங்குக்கு மாறிப்போனார். போர் மறுபடி தொடங்கியது. பாலத்தைத் தாண்டுவதே பெரும்பாடாகிவிட்ட நாட்களில் இப்படி ஒரு விசாரணையை யாரிடம் கொண்டுபோவது?

இதற்கெல்லாம் முன்பே, ஐந்தாவது ஊசி முடிந்த அன்று டொக்டர் சொன்னார்: "இனிப் பயமில்லை ஐயா. வீட்டை போங்கோ."

வீட்டில் ரீற்றா தோடம்பழச் சாறு கரைத்து வைத்திருந்தாள். நான் தொடவில்லை.

"இஞ்சேருங்கோ, அவங்கட நாட்டில டொக்டர்மார் இல்லையோ?"

"இருப்பினம். குட்டி செத்தது அவனுக்குத் தெரியாதே."

அவள் சாற்றை எடுத்து மூடிவைத்தாள்.

அவன் எங்காவது தற்செயலாக அந்த ஊசியைப் போட்டிருக்கலாம். புண்ணில் கிருமி ஏறாமலும் இருந்திருக்கலாம். இரண்டையும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உங்கள் நாயால் இன்னொருவருக்கு இப்படி நேர்ந்திருந்தால், அவர் பக்கத்தில் இருக்கும்போதே கூச்சப்படாமல் முழுப்பெயரைக் கேளுங்கள்.

இந்த நோயில் தொண்டை தண்ணீரை மறுக்கும். அதனால் காலையில் எழுந்ததும் ஒரு மிடறு குடித்துப் பார்க்கிறேன். இறங்குகிறது. என் நாள் தொடங்குகிறது. இங்கே மத்தியானம் ஆகும்போதுதான் ஒல்லாந்தில் விடிந்து ஆட்கள் எழும்புவார்கள் என்று சுவாமி ஒருமுறை சொன்னார். மத்தியானச் சோற்றுக்கு முன் செம்பை எடுத்தால், யோனாஸ் எழும்பிக் குடிக்கும் முதல் மிடறை நினைத்து, இப்போதும் என்னால் உடனே குடிக்க முடிவதில்லை.