அடியில்லாத கூடை

சந்திரகாந்தா அக்கா கொழுந்தைக் கூடைக்குள் போடும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு கையாலும் கிள்ளிச் சேர்த்ததை ஒரு பிடியாக்கித் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிவார். முதுகில் தொங்கும் கூடை வாங்கிக்கொள்ளும். வாய் மட்டும் ஓயாது. யட்டவத்தைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலை மலையில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது, ஒரு பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணியின் வரலாறு.

மகன் கஜீபன் அந்த அணியின் தலைவன். அவன் இரவு போனில் சொல்வதெல்லாம் காலையில் மலைக்கு வந்துவிடும். பாதையோரமாகத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் படிப்பிக்கப் போகிற எனக்கும் தப்ப வழியில்லை.

“மொத மொதல்ல வளையம் வாங்க வழியில்லீங்க சேர். ஹொஸ்டல் வாளியோட அடிய வெட்டிட்டு, பலா மரத்துல மாட்டி வெளையாடினோம். வார்டன் வந்து வாளி எங்கடான்னாரு. மேல பாருங்கன்னோம்!”

‘விளையாடினார்கள்’ அல்ல, ‘விளையாடினோம்’. அணி தொடங்கிய அந்தக் காலத்தில் அக்காவே சட்டை போட்ட சின்னப் பிள்ளை. அதைச் சொன்னால் பதில் தயாராக இருக்கும். “தோத்தப்ப அழுதது யாருங்க? அப்ப நாமதானே?”

அழுவதற்கு நிறையவே கிடைத்தது. ஒரே சோடி நல்ல சப்பாத்தை மாறி மாறிப் போட்ட காலம், மழையில் திடலே குளமாகிப்போன வருடம், மூன்று தடவை இறுதிப் போட்டிக்குப் போய் மூன்றிலும் தோற்றது. கிண்ணம் மட்டும் வரவேயில்லை. பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் சர்மிளா சும்மா இருப்பாளா?

“அடியில்லாத கூடையில போட்டா என்னக்கா நெறையும்? அந்த மாதிரி ஒண்ணு மாட்டிக்கிட்டு நாளைக்கு கொழுந்து நிறுவைக்கு வாங்க, கங்காணி வெரட்டுறத பாக்கலாம்!”

அக்காவுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும்.

இவ்வளவு கதை தெரிந்தவர் ஒரு போட்டியைக்கூட நேரில் பார்த்ததில்லை. போன வருட இறுதிப் போட்டியைச் சர்மிளாவின் போனில் கொஞ்சம் எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். தோற்றார்கள். அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார்.

“தாய்க்கண்ணு பொல்லாத கண்ணு சேர். நான் பாத்துதான் போச்சு.”

நானும் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். கணக்கு வேறு, கண் வேறாம்!

இந்த வருட இறுதிப் போட்டி மாத்தளை டவுனிலேயே வந்து விழுந்தது. கஜீபனுக்குப் படிப்பில் கடைசி வருடம். அணிக்காக அவன் ஆடும் கடைசி ஆட்டமும் அதுதான். போகாமல் இருக்க அக்காவுக்கு மனம் கேட்கவில்லை, போனால் தன் கண் பட்டுவிடுமோ என்று பயம். பாவம், அந்த வாரம் முழுக்க வாய்கூட ஓய்ந்துவிட்டது. கடைசியில் இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். திடலுக்கு வந்ததும் வேலியில் சாய்ந்து, ரோட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என்னக்கா இது! எல்லாரும் அந்தப் பக்கமில்ல பாக்கிறாங்க?”

“கூடைன்னா முதுகுப் பக்கம்தானே சேர் இருக்கணும்? எனக்கு இதுதான் பழக்கம். நீங்க பாத்துச் சொல்லுங்க.”

சொன்னேன். தொண்டை கட்டும்வரை சொன்னேன். விசில் ஊதக் கொஞ்ச நேரமே இருக்க, ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்றோம். பாருங்கள், நானும் ‘நின்றோம்’ என்று எழுதிவிட்டேன்.

“அக்கா, பந்து நம்ம கஜீபன் கையில! எறியப் போறான்!”

அக்கா திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். கை முன்னால் நீண்டு, காற்றில் ஒரு பிடி கிள்ளி, தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தது.

“விழுந்திருச்சுக்கா! கப்பு நமக்குத்தான்!” என்று நான் கத்தியபோது, அந்தக் கை அடுத்த பிடிக்கு நீண்டிருந்தது.