மீட்டருக்கும் கிரைண்டருக்கும் நடந்த சண்டை

என் மருமகனுக்கு இரண்டு பெண்சாதிகள். ஒன்று என் மகள். மற்றது அவருடைய கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளி, பழைய வால்வுப் பெட்டி. மகள் அரிசி மூட்டையைத் தூக்கச் சொன்னால் முதுகு வலி என்பார். அந்தப் பெட்டியை மட்டும் லூயி-பிளாங் தெருவில் எங்கள் மேல்மாடி வரைக்கும் தனியே தூக்கிக்கொண்டு ஏறுவார்.

அன்று பின்னேரம் அவருடைய தங்கச்சிக்குக் கலியாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. "நான் மண்டபத்துக்குள்ளை வரேக்கை அண்ணாதான் வாசிக்கவேணும். ரெக்கோட் போட்டியளெண்டால் வாசலிலையே நிண்டுடுவன்" என்று சொல்லிவிட்டாள். பார்த்தால், ஆம்ப்ளியில் வால்வுகள், பல்ப் மாதிரியான அந்தக் கண்ணாடிக் குழாய்கள், செத்துப் போயிருந்தன. புதியவை தபாலில் கலியாணத்தன்று காலைதான் வந்து சேர்ந்தன.

வால்வைச் சொருகினால் மட்டும் போதாதாம். வாசிக்காமல் இருக்கும்போதும் அதற்குள் கொஞ்சம் கரண்ட் ஓடவேண்டும். கூடினால் வால்வு கருகும், குறைந்தால் சத்தம் சளி பிடித்தவன் தொண்டை மாதிரிக் கரகரக்கும். மீட்டரில் பார்த்து, சின்னத் திருகாணி ஒன்றைத் திருப்பி அந்த அளவைச் சரிசெய்வதற்குப் பெயர் பயஸ். மருமகன் பெட்டியைத் திறந்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"என்ன தம்பி, பாதருக்கு முன்னாலை நிக்கிறமாதிரி நிக்கிறீர்?"

"ரெண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சுக்குள்ளாலை போகும் மாமி."

"என்ரை மகளை ரெண்டு கையாலையும்தானே பிடிச்சனீர்? ஒண்டும் நடக்கேல்லையே!"

சிரித்துக்கொண்டே நான் குசினிக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு வடை சுடவேண்டும். உழுந்து அரைக்கும் கிரைண்டர், பெரிய ரைஸ் குக்கர், எல்லாம் எங்கள் வீட்டில் ஒரே நீட்டு வயரில்தான். அதே வயரில்தான் அவருடைய ஆம்ப்ளியும்.

கிரைண்டரைப் போட்டேன். மீட்டர் இறங்கியது, அவர் திருகிக் கூட்டினார். மாவை வழித்துவிட நிறுத்தினேன். மீட்டர் பாய்ந்தது, அவர் குறைத்தார். திரும்பவும் போட்டேன். திரும்பவும் இறங்கியது.

"பழுதை அனுப்பிப்போட்டாங்கள்!" என்று கத்தியபடி இன்னும் கூட்டினார். அந்த நேரம் பார்த்து நான் உப்புப் போடுவதற்குக் கிரைண்டரை நிறுத்தினேன். வால்வின் உள்தகடு அடுப்புக் கரி மாதிரிச் சிவந்தது. பாய்ந்து ஆம்ப்ளியை நிறுத்தினார். பிறகு அவர் கண் வயரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குசினிக்கு வந்து, என்னில் நின்றது.

"மாமி, நீங்களோ?"

"நான் என்ன செய்தனான்? உழுந்துதான் அரைச்சனான்."

"நீங்கள் அரைக்க இஞ்சை கரண்ட் இறங்குது. மண்டபத்திலை ஆர் கிரைண்டர் போடப்போகினம்? இப்பிடியே கூட்டிக்கொண்டு போனால் அங்கை வால்வு எரிஞ்சுபோம். எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ!"

"அப்ப வடை?"

"வடையோ, தங்கச்சியோ?"

"வடைதான்" என்றேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது. அதற்குள் நான் கிரைண்டரையும் குக்கரையும் கழற்றிவிட்டேன்.

நல்லகாலம், வால்வு தப்பியிருந்தது. திரும்பப் போட்டு, அது சூடேறும் வரைக்கும் காத்திருந்தோம். மூச்சு விடவும் எனக்குப் பயம். அவர் திருகாணியை ஒரு மயிரளவு திருப்பினார்.

"நிக்குது மாமி! அசையாமல் நிக்குது!" பிள்ளை முதன்முதல் எழுந்து நின்றதைக் கண்ட தாய் மாதிரிக் கத்தினார்.

பின்னேரம், மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையோடு கலியாணப் பொம்பிளை. மருமகன் தந்தியைத் தொட்டார். சத்தம் உருகின நெய் மாதிரிச் சுவரெல்லாம் வழிந்தது. அவள் கொஞ்சத் தூரம் வந்து நின்றுவிட்டாள். மாப்பிள்ளை கையை இழுத்தார்.

"பொறுங்கோ. அண்ணா முடிக்கட்டும்."

மாப்பிள்ளையின் தாய் என் பக்கம் குனிந்தா. "இன்னும் கனநேரம் வாசிப்பாரோ?"

"கால் நோகுதெண்டால் கதிரையிலை இருங்கோ" என்றேன். "இவர் இப்போதைக்கு விடமாட்டார்."